செல் பொருந்துகிறது, மீட்டர் பொய் சொல்கிறது: பழைய பிலிம் கேமராக்களுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ஸ்டுடியோக்காரர்கள் வீட்டுப் பரணைக் கிளறினால் இன்றும் ஒரு யாஷிகா மேட்-124ஜியோ, நிக்கோமேட்டோ, பென்டாக்ஸ் கே1000ஓ அகப்படும். வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்துத் துடைத்து, ஒரு ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒகேனக்கல்லுக்கோ கிருஷ்ணகிரி அணைக்கோ கிளம்புகிறார்கள். லென்ஸ் தெளிவாக இருக்கும், ஷட்டர் அடிக்கும், ஆனால் செல் விஷயத்தில் முட்டிக்கொள்வார்கள். கேமராவுக்குள் இருந்த செல்லை எடுத்துப்போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடையில் காட்டினால், "அண்ணே, இந்தச் செல் இப்ப வர்றதில்ல. இது கிட்டத்தட்ட அதே சைஸ்தான், போட்டுப் பாருங்க" என்று ஒன்றைக் கொடுப்பார். அவர் சொல்வது தப்பில்லை. அது உள்ளே போகும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளும் ஆடும். ஆனால் பெட்டிக்குள் பொருந்துகிற செல் எல்லாம் அந்தக் கேமராவுக்கு ஏற்ற செல் ஆகாது. கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

காரணம் மெர்குரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ரூபன் உருவாக்கிய மெர்குரி ஆக்சைடு செல் 1.35 வோல்ட் தரும். முதல் நாளும் அதே 1.35, தீரப்போகிற வாரத்திலும் கிட்டத்தட்ட அதே 1.35. அவ்வளவு நிலையான செல் கையில் இருந்ததால், 1960களிலும் 70களிலும் கேமரா செய்தவர்கள் மின்னழுத்தத்தைச் சமன் செய்யும் சுற்று எதையும் வைக்காமல் மீட்டரை நேராகச் செல்லோடு இணைத்துவிட்டார்கள். பிறகு பாதரசத்தின் நஞ்சு காரணமாக நாடுகள் ஒவ்வொன்றாக அதை நிறுத்தின. அமெரிக்காவில் 1996இல் சட்டம் வந்தது. ஜப்பானின் மினமாட்டா நகரத்துப் பேரழிவின் பெயரைத் தாங்கிய உலக உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதை ஏற்றது. ஆகவே பிஎக்ஸ்625, பிஎக்ஸ்13, பிஎக்ஸ்400, பிஎக்ஸ்32 என்ற மெர்குரி செல்கள் இனி வராது. "பழைய ஸ்டாக் இருக்கு" என்று யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

முதலில் உங்கள் கேமரா எந்த ரகம்?

செல் தேடப் புறப்படும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்குச் செல்லே தேவையிருக்காது. ஜெனிட்-ஈ, ஒலிம்பஸ் ட்ரிப் 35, வெஸ்டன் மீட்டர் போன்றவற்றில் முகப்பில் தேன்கூடு போல் கண்ணாடிக் கட்டம் தெரியும். அது செலினியம், வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும். அதில் முள் அசையாவிட்டால் செலினியம் செத்துவிட்டது என்று பொருள். எந்தச் செல்லும் அதைப் பிழைக்க வைக்காது. ஆக்பா கிளிக் 3 மாதிரியான பெட்டிக் கேமராக்களுக்கோ மீட்டரே கிடையாது.

அடுத்த ரகத்தில் ஷட்டர் முழுக்க இயந்திரம், செல் மீட்டருக்கு மட்டும். நிக்கோமேட், மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனன் எப்டிபி, கேனனெட் க்யூஎல்17, யாஷிகா மேட்-124ஜி, பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் எல்லாம் இதில் சேரும். செல் இல்லாமலும் படம் எடுக்கலாம். மீட்டர் மட்டும் குருடு.

மூன்றாவது, செல் இல்லாவிட்டால் ஷட்டரும் வேலை நிறுத்தம் செய்கிற, அல்லது ஒரே வேகத்தில் மட்டும் அடிக்கிற ரகம். கேனன் ஏஇ-1, யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவை.

நான்காவது ரகக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எப்எம், எப்எம்2 போன்றவை முதலிலிருந்தே 1.5 வோல்ட் செல்லுக்காகச் செய்யப்பட்டவை. எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 போட்டால் போதும், எந்த ஊர் வாட்ச் கடையிலும் கிடைக்கும். கீழே வோல்டேஜ் பற்றி வருகிற புலம்பல் எதுவும் இவர்களுக்கு இல்லை.

கடையில் பெயரைக் கேட்டு மயங்காதிருக்க ஒரு சொல். எல்ஆர்44, ஏஜி13, ஏ76 எல்லாம் ஒரே செல், ஆல்கலைன். எஸ்ஆர்44, 357, 303 என்பவை அதே உருவம், ஆனால் சில்வர் ஆக்சைடு. 675 என்று எழுதி நீலத் தாள் ஒட்டியிருப்பது காது மெஷின் செல், சிங்க்-ஏர். மூன்றும் 11.6 மில்லிமீட்டர் அகலம், 5.4 உயரம். உருவம் ஒன்றாக இருந்தாலும் குணம் மூன்றுக்கும் வேறு.

அறிகுறி: புது செல் போட்டும் முள் அசையவே இல்லை

அவசரப்பட்டு மீட்டர் போச்சு என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் செல் தலைகீழாக இருக்கிறதா பாருங்கள். பட்டன் செல்லில் அகலமான தட்டைப் பக்கம் பாசிட்டிவ், உள்ளே ஒடுங்கிய பக்கம் நெகட்டிவ். எல்லாக் கேமராவிலும் பாசிட்டிவ் மூடிப் பக்கம்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம், பெட்டிக்குள் உள்ள குறியைப் பாருங்கள். மீட்டர் ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நிக்கோமேட்டில் ரோல் நகர்த்தும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்தால்தான் மீட்டர் விழிக்கும். 124ஜியில் மேல்மூடியைத் திறக்க வேண்டும். எஸ்ஆர்டி 101இல் ஸ்விட்ச் அடிப்பாகத்தில் ஒளிந்திருக்கிறது.

காது மெஷின் செல்லாக இருந்தால் தாளை உரித்தீர்களா? உரித்த உடனே போட்டுவிட்டீர்களா? அது காற்றைக் குடித்துத்தான் வேலை செய்யும். உரித்து ஒன்றிரண்டு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முள் அசையவில்லையா? அகலம் சரிசெய்ய ரப்பர் வளையம் போட்டிருந்தால் அங்கே சந்தேகப்படுங்கள். சில கேமராக்களில் மின்தொடர்பு செல்லின் பக்கச்சுவரில் இருக்கும். ரப்பர் அந்தத் தொடர்பைத் துண்டித்துவிடும். அப்படியானால் பித்தளை வளையமோ, வளைத்த செப்புக் கம்பியோ போட வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்து, செல்லை வெளியே வைத்தபடி அதன் இரு முனையையும் பெட்டிக்குள் இருக்கும் இரு தொடர்புகளோடு தொட்டுப் பாருங்கள். முள் துள்ளினால் குற்றம் பொருத்தத்தில். துள்ளாவிட்டால் உள்ளே ஒயர் அரித்திருக்கலாம். அதற்குக் கீழே களிம்புப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: முள் நன்றாக ஆடுகிறது, படம் மட்டும் இருட்டாக வருகிறது

இதுதான் அதிகம் ஏமாற்றுகிற கோளாறு. வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். ரோல் கழுவி வந்த பிறகுதான் நெகட்டிவ் மெலிந்து, பிரிண்டில் நிழல் பகுதிகள் கறுப்பாகச் செத்துக் கிடப்பது தெரியும்.

1.35 வோல்ட்டுக்குச் செய்த மீட்டரில் 1.5 வோல்ட் ஆல்கலைனோ 1.55 வோல்ட் சில்வரோ போட்டால், முள் போக வேண்டியதைவிட மேலே போகும். மீட்டர் "வெளிச்சம் நிறைய இருக்கு" என்று நினைத்துக்கொள்ளும். நீங்கள் அதை நம்பி அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, குறைப்பீர்கள், பிலிமுக்கு வெளிச்சம் போதாது. அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மேலும் பிழை போகலாம். ஆல்கலைனில் கூடுதல் தலைவலி ஒன்று உண்டு. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறைவதுபோல, அதன் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும். ஆடி மாதம் ஒரு பிழை, ஐப்பசியில் இன்னொரு பிழை. பிஎக்ஸ்625ஏ, எல்ஆர்9 என்ற பெயரில் அச்சு அசலாகப் பழைய செல்லின் உருவத்திலேயே ஆல்கலைன் விற்கிறார்கள். உருவம் கச்சிதமாக இருப்பதால் பலரும் மாட்டிக்கொள்வது இதில்தான். என்னைக் கேட்டால், மீட்டருக்கு இருக்கிற வழிகளிலேயே மோசமானது இது.

விதிவிலக்கு உண்டு. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டரில் பிரிட்ஜ் சுற்று இருக்கிறது. அதில் முள் நடுவில் நிற்பதைத்தான் பார்க்கிறோம். வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலும் நடு நடுதான். பிஎக்ஸ்400க்குப் பதில் ஒரு 392 சில்வர் செல்லை வளையம் போட்டு வைத்தால் போதும், மீட்டர் சரியாகவே சொல்லும்.

உங்கள் மீட்டர் பொய் சொல்கிறதா என்று இப்படிக் கண்டுபிடியுங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், காலை பத்து மணிக்கு மேல், நேர் வெயில் படும் ஒரு காவி அல்லது சாம்பல் நிறச் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் வேண்டாம். 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு எப்16, 1/125 நொடிக்கு அருகில் காட்ட வேண்டும். பிறகு வீட்டுக்குள் வந்து, ஜன்னல் வெளிச்சம் படும் சுவரைப் பார்த்து, அதே இடத்தைக் கைபேசியின் மீட்டர் செயலியிலும் பாருங்கள். வெயிலில் எவ்வளவு வித்தியாசமோ அதே வித்தியாசம் உள்ளேயும் இருந்தால், பிலிமின் ஐஎஸ்ஓவைக் குறிக்கும் ஏஎஸ்ஏ டயலைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம். 400 பிலிமைப் போட்டு டயலில் 250 அல்லது 200 வையுங்கள். வெயிலில் ஒரு கணக்கு, நிழலில் வேறு கணக்கு என்று வந்தால் டயல் வித்தை பலிக்காது. பிழை வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறுகிறது. அப்போது வோல்டேஜையே சரிசெய்ய வேண்டும்.

அதற்கு நல்ல வழிகள் இரண்டு.

முதல் வழி 675 காது மெஷின் செல். சிங்க்-ஏர் 1.4 வோல்ட் தரும், தீரும்வரை கிட்டத்தட்ட நிலையாக இருக்கும். மெர்குரிக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் சுலபமாகக் கிடைக்காது. காது மெஷின் விற்கிற கடையில் ஆறு செல் கொண்ட அட்டையாகக் கிடைக்கும். பிஎக்ஸ்625 பெட்டி 15.6 மில்லிமீட்டர் அகலம் என்பதால் 675 உள்ளே உருளும். அதைச் சுற்றி ஒரு ஓ-ரிங் மாட்ட வேண்டும். மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிற ஹார்டுவேர் கடையில் செல்லையே கொடுத்து அளவு பார்த்து வாங்கலாம். உயரத்தில் வருகிற சிறு குறையைப் பெரும்பாலும் பெட்டியின் ஸ்பிரிங் சமாளிக்கும். இதையே உத்தேசித்துச் செய்த 1.35 வோல்ட் வெயின் செல்லும் உண்டு, அதுவும் சிங்க்-ஏர்தான். விலை அதிகம், ஊரில் கிடைக்காது. நான் அதன் பின்னால் போகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, சில்வர் ஆக்சைடு செல்லோடு ஒரு ஷாட்கி டயோடு. சில்வர் 1.55 வோல்ட்டில் நிலையாக நிற்கும். டயோடு சுமார் 0.2 வோல்ட்டை விழுங்கிக்கொண்டால் 1.35 வந்துவிடும். இதே தத்துவத்தில் எம்ஆர்-9 அடாப்டர் என்று தயாராகவும் விற்கிறார்கள். கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம், தர்மபுரிக்காரர்கள் சென்னை போகும்போது ரிச்சி தெருவில் பார்க்கலாம். கடையில் வெறுமனே "டயோடு" என்று கேட்டால் 1என்4007 கொடுப்பார்கள். அது 0.6 வோல்ட் அளவுக்கு விழுங்கும், ஆகாது. பெரிய ஆம்பியருக்கான ஷாட்கியும் ஆகாது. மீட்டர் எடுக்கிற மிகச் சிறிய மின்னோட்டத்தில் அது போதிய அளவு விழுங்காது. பிஏடி83 போன்ற சிறு ரகம் வேண்டும். பாசிட்டிவ் பாதையில் வைத்தால், கோடு போட்ட முனை கேமராவைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள். டயோடு விழுங்கும் அளவு மின்னோட்டத்தைப் பொறுத்தது. மங்கிய வெளிச்சத்தில் மின்னோட்டம் குறையும், விழுங்குவதும் குறையும். ஆகவே சாயங்காலக் கோயில் மண்டபத்துக்குள் சின்னப் பிழை மிஞ்சும்.

எதை எடுப்பது? மாதம் ஒரு ரோல்கூட எடுக்காதவர் காது மெஷின் செல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். தினமும் கேமரா தோளில் தொங்குகிறவர், ரோலின் நடுவில் செல் சாகக்கூடாது என்பவர் டயோடு பக்கம் போகட்டும். கலர் நெகட்டிவ் மட்டும் எடுப்பவருக்கு அரை ஸ்டாப் பிழை பெரிதாகத் தெரியாது. அதிலும் வெளிச்சம் கூடுதலாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் பொறுக்காது. ஸ்லைடு எடுப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. பல ஆண்டு இருட்டுப் பெட்டிக்குள் கிடந்த கேமராவாக இருந்தால், முடிவு எடுக்கும் முன் ஒரு பகல் முழுக்க வெளிச்சத்தில் வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். சிடிஎஸ் ஒளியுணரிக்கு இருட்டின் நினைவு கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: காது மெஷின் செல் இரண்டு மூன்று மாதத்தில் செத்துவிடுகிறது

அது கோளாறு இல்லை, அதன் ஆயுளே அவ்வளவு. தாளை உரித்த நொடியிலிருந்து காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கேமராவைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும். நம் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் உள்ளிருக்கும் ஈரமும் சீக்கிரம் உலர்ந்துபோகும். தாளை மறுபடி ஒட்டி வைப்பது ஓரளவுக்குத்தான் தாமதப்படுத்தும். காற்றுத்துளை பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பசை போட்டோ டேப் போட்டோ அடைத்துவிட்டால் மீட்டர் ஊமையாகும்.

ரோலைப் போடும் அன்று தாளை உரிப்பது நல்ல பழக்கம். ரோலி 35 வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். செல் பெட்டி பிலிம் அறைக்குள் இருக்கிறது. ரோல் நடுவில் செல் செத்தால், பின்மூடியைத் திறக்காமல் மாற்ற வழியில்லை.

அறிகுறி: புது சில்வர் செல், ஒரு வாரம்கூட வரவில்லை

யாரோ மீட்டரை அணைக்கவில்லை. கே1000க்கு ஸ்விட்சே கிடையாது. லென்ஸ் மூடியைப் போடுவதுதான் அணைப்பது. தோல் உறைக்குள் வைத்தாயிற்றே என்று மூடியை விட்டால், உறையின் இடுக்கு வெளிச்சமே செல்லைத் தின்னும். கேனனெட்டில் அபெர்ச்சர் வளையம் "ஏ"வில் இருந்தால் மீட்டர் விழித்திருக்கும், வேறு எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். நிக்கோமேட்டில் நெம்புகோலை உள்ளே தள்ளுங்கள். ஸ்பாட்மேட்டிக்கில் ஷட்டரை அழுத்தினால் மீட்டர் தானே அணையும். முள்ளைப் பார்த்துவிட்டுப் படம் எடுக்காமல் வைத்துவிட்டால் அணையாது.

இத்தனையும் சரியாக இருந்தும் தீர்ந்தால், செல் பாதையில் மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்து, ஸ்விட்ச் அணைத்த நிலையில் ஓட்டம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்விட்ச் தொடர்பில் களிம்பு பாலம் போட்டிருக்கிறது. அதுவரை கேமராவை வைக்கும்போதெல்லாம் செல்லைக் கழற்றி வையுங்கள்.

அறிகுறி: ஷட்டரே அடிக்கவில்லை, அல்லது எல்லாப் படமும் ஒரே வேகத்தில்

கேனன் ஏஇ-1க்கு 6 வோல்ட் வேண்டும். 4எல்ஆர்44, 4எஸ்ஆர்44, பிஎக்ஸ்28 எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று. நம் ஊரில் 4எல்ஆர்44 எப்போதும் கிடைக்காது. அவசரத்துக்கு நான்கு எல்ஆர்44ஐ ஒரே வரிசையில் அடுக்கி, கெட்டித் தாளைக் குழாயாகச் சுற்றி வைத்தால் வேலை ஆகும். நான்கும் ஒரே அட்டையிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். செல் மூடியை நகத்தால் நெம்பி உடைத்தவர்கள் நிறைய. அந்தப் பிளாஸ்டிக் மூடி ஏஇ-1இன் பலவீனம், மெல்லக் கையாளுங்கள்.

யாஷிகா எலக்ட்ரோ 35க்கு 5.6 வோல்ட் பிஎக்ஸ்32 போட்டார்கள். இன்று 6 வோல்ட் 4எல்ஆர்44 போதும், மீட்டர் பெரிதாகக் குழம்பாது. செல்லின் நீளம் 25 மில்லிமீட்டர், பெட்டியின் நீளமோ 44க்கு மேல். மின்வயர் ஓடும் பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, செல்லை உள்ளே வைத்து, மிச்ச இடத்தில் டார்ச் லைட் ஸ்பிரிங் ஒன்றைச் செருகுங்கள். செக் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். செல் இல்லாவிட்டாலும் எலக்ட்ரோ முழுவதும் சாகாது, 1/500 நொடியில் மட்டும் அடிக்கும். 400 பிலிம் போட்டு எப்16இல் வைத்தால், தொப்பூர் கணவாயின் உச்சிவெயிலில் செல் இல்லாமலேயே ஒரு ரோலை முடிக்கலாம்! ஆனால் பச்சை விளக்கு எரிந்தும் வேகம் தாறுமாறாக இருந்தால் அது செல் கோளாறு இல்லை. ஷட்டர் பொத்தானுக்குக் கீழே உள்ள ரப்பர் திண்டு கரைந்து போயிருக்கும். அதற்கு மெக்கானிக்தான்.

அறிகுறி: பெட்டிக்குள் பச்சையாக, வெள்ளையாகப் பூத்திருக்கிறது

பித்தளைப் பாத்திரத்துக் களிம்பு என்றதும் வீட்டில் புளியை எடுத்து நீட்டுவார்கள். கேமராவுக்குப் புளி வேண்டாம். சக்கையும் உப்பும் உள்ளே தங்கி மறுபடி அரிக்கும். பட்டன் செல்களிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். அதை முறிக்க வெள்ளை வினிகரில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, ஈரம் சொட்டாமல் துடையுங்கள். நுரைத்தால் வேலை நடக்கிறது. பிறகு தண்ணீர் தொட்ட குச்சி, அதற்குப் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சி. பெட்டி கீழே பார்க்கும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டு துடையுங்கள், ஈரம் உள்ளே இறங்காது. பழைய பிளாஷில் போட்ட சிவப்பு டார்ச் கட்டை ரகச் செல் கசிந்திருந்தால் கதை தலைகீழ். அது சிங்க்-கார்பன், கசிவு அமிலத்தன்மை. அங்கே சமையல் சோடாக் கரைசல்தான் முறிக்கும்.

மேலே பளபளத்த பிறகும் முள் அசையாவிட்டால் தொடர்புத் தகட்டிலிருந்து கிளம்பும் ஒயரைப் பாருங்கள். காரம் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஒயர் உறைக்குள் ஏறிவிடும். வெளியே சிவப்பாக இருக்கும் ஒயர் உள்ளே பச்சைத் தூளாக இருக்கும். அந்த ஒயரை மாற்றத்தான் வேண்டும். டிவி ரிப்பேர் செய்கிறவர்கள் இதைச் சுலபமாகச் செய்வார்கள். அடித்தகட்டைத் திறந்து ஒயரை மட்டும் காட்டுங்கள், உள்ளே வேறெதையும் தொட விடாதீர்கள்.

மூடியே திறக்கவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். இடுக்கில் ஒரு துளி வினிகர் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பள்ளத்தில் சரியாக உட்காரும் நாணயத்தால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். ஸ்பாட்மேட்டிக் மூடிகள் இதில் பிடிவாதம் பிடிக்கும். இரண்டு மூன்று இரவு ஆகலாம்.

அறிகுறி: பழைய பிளாஷ் "கீ" என்று கத்துகிறது, விளக்கு எரியவில்லை

நான்கு ஏஏ செல் போடுகிற பிளாஷ்களில் பெரும்பாலும் குற்றவாளி கெப்பாசிட்டர். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மின்னைத் தாங்க மறந்துவிடும். புது செல் போட்டுப் பல நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். மெல்லப் பழைய நிலைக்கு வரும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 1.2 வோல்ட்தான் என்றாலும் பிளாஷுக்கு நன்றாக உழைக்கும். பிளாஷைத் திறக்க மட்டும் வேண்டாம். செல்லைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட் அளவுக்குத் தேங்கி நிற்கும், ஆளைத் தூக்கி அடிக்கும். பழைய பிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். அதன் தூண்டல் மின்னழுத்தம் புதிய கேமராவின் சுற்றைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: வாங்கி வைத்த செல்கள் போடும் முன்பே தீர்ந்துவிட்டன

அட்டையிலிருந்து பிரித்து எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருப்பீர்கள். பட்டன் செல்கள் ஒன்றோடொன்று உரசினால் ஒன்றின் பாசிட்டிவ் இன்னொன்றின் நெகட்டிவைத் தொட்டு, தாமாகவே தீரும். சூடேறவும் செய்யும். அட்டையிலேயே விடுங்கள். பிரித்துவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப்பில் ஒட்டி வையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தேவையில்லை. வெளியே எடுக்கும்போது வியர்த்து ஈரம் படியும், அந்த ஈரமே துருவுக்கும் கசிவுக்கும் வழி. வீட்டில் மரப் பீரோவின் கீழ்த்தட்டு போதும். ஓசூர், தளி பக்கம் குளிர்ச்சி அதிகம் என்பதால் இன்னும் வசதி. தர்மபுரியில் வெயில்காலத்தில் தகரக் கூரை வீட்டுப் பரண், ஸ்கூட்டர் டிக்கி, காரின் முன்தட்டு மூன்றையும் மறந்துவிடுங்கள். வெப்பம் ஏற ஏறச் செல் தானாகத் தீரும் வேகமும் ஏறும்.

எதை எவ்வளவு வாங்கி வைப்பது? தாள் உரிக்காத காது மெஷின் செல் மூன்று நான்கு ஆண்டு தாங்கும், அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள். சில்வரும் பல ஆண்டு கெடாது. நிக்கான் எப்எம் ரகத்துக்கு இரண்டு எஸ்ஆர்44க்குப் பதில் ஒரே சிஆர்1/3என் லித்தியம் போடலாம். அதுதான் எல்லாவற்றிலும் நீண்ட நாள் தாங்கும். ஆல்கலைனைச் சேர்த்து வைப்பதில் அர்த்தமில்லை. வாங்கிய அன்றே போடுங்கள், மூன்று மாதம் எடுக்கப்போவதில்லை என்றால் கழற்றுங்கள். அட்டையின் மேல் வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதி வையுங்கள். மல்டிமீட்டரில் வெறும் வோல்ட் பார்த்து ஆல்கலைனை நம்ப வேண்டாம். சுமை இல்லாமல் அளந்தால் தீரப்போகிற செல்லும் நல்ல பிள்ளை மாதிரி 1.4 காட்டும். சில நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து அளந்தால் நிஜம் தெரியும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இவை எட்டாத உயரத்தில், திருகு மூடி டப்பாவில் இருக்க வேண்டும். பட்டன் செல்லை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கும். லித்தியம் நாணய செல்கள் மிக மோசம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், "தானா வெளியே வந்துரும்" என்று காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு உடனே ஓடுங்கள், செல்லின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய கேமராவைத் திறந்தபோது உள்ளே பிஎக்ஸ்625 மெர்குரி செல்லே கிடைத்தால்

சில சமயம் அது இன்னும் 1.35 காட்டும், ஆசையாகவும் இருக்கும். வெளியே உப்பு பூக்காமல் வறண்டிருந்தால் அந்த ஒரு செல்லை வைத்து மீட்டரின் அசல் கணக்கைப் பார்த்து, புது செல்லோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளலாம். உங்கள் கேமராவுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். துளைக்கவோ, பிளக்கவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. எரித்தால் பாதரசம் புகையாகப் பரவும். உப்பு பூத்திருந்தால் வெறும் கையால் தொடாமல் எடுத்து, ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மேலே "பாதரசம்" என்று எழுதுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி தீர்ந்த செல்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு இருக்கிறது. மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவரிடம் மற்றத் தீர்ந்த செல்களோடு இதையும் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது இது மெர்குரி செல் என்று வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.